மாலை போடாத ஒரு மாதம்

கேள்வி: எனக்கு 46 வயது. கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னந்தோப்பும் கொப்பரை வியாபாரமும் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இரவில் ஒரு குவாட்டர் பிராந்தி குடிக்கிறேன். ஞாயிறு மதியம் நண்பர்களோடு கள்ளு ஷாப்பில் இரண்டு புட்டி கள். குடித்துவிட்டு யாரிடமும் சண்டை போட்டதில்லை, தொழிலையும் கெடுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. கடந்த இரண்டு வருடமாக விரதத்தின் முதல் மூன்று நான்கு நாள் கை லேசாக நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் வருவதில்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் என்று விட்டுவிட்டேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த முறை மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தேன். "விரதம் இல்லாமல் ஒரு மாதம் நிறுத்திக் காட்டுங்கள்" என்கிறார் மனைவி. சாப்பாட்டில் கலக்கும் பொடி வாங்கித் தருவதாக என் மைத்துனர் அவரிடம் சொல்லியிருக்கிறார். 41 நாள் குடிக்காமல் இருக்க முடிகிற நான் குடிநோயாளியா? ஒரு மாதம் நிறுத்திவிட்டு மறுபடியும் குடித்தால் அதனால் என்ன பயன்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். விரதத்தின் முதல் சில நாள்களில் கை நடுங்குவதாகவும் வியர்ப்பதாகவும் தூக்கம் வராததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று எனக்குத் தோன்றவில்லை. குளிர்ந்த நீரில் குளித்தால் வரும் நடுக்கம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மூன்று நாள் நீடிக்காது, இரவில் வியர்வையையும் கொண்டுவராது. நீங்கள் விவரித்திருப்பவை, வழக்கமாகக் கிடைத்த மது திடீரென்று கிடைக்காமல் போகும்போது உடல் காட்டும் விலகல் அறிகுறிகள்.

மது மூளையை அமைதிப்படுத்தும் செயலைக் கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் செயலை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் இது நடக்கும்போது, மூளை அதை ஈடுகட்டுவதற்காகத் தன் கிளர்ச்சியை நிரந்தரமாகவே சற்று உயர்த்தி வைத்துக்கொள்கிறது. மதுவை எடுத்துவிட்டால் அந்தக் கிளர்ச்சியை அடக்க ஒன்றும் இல்லை; அதுதான் நடுக்கமாகவும் வியர்வையாகவும் படபடப்பாகவும் வெளிவருகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு நான்கைந்து நாள்களில் தணிந்துவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடம், நேரம் புரியாத குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் கடுமையான நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கக்கூடிய நிலை அது. நிறுத்துவதும் தொடங்குவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தால், ஒவ்வொரு முறையும் விலகல் முன்னதைவிடக் கடுமையாகலாம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். முன்பு இல்லாத நடுக்கம் இரண்டு வருடமாக வருகிறது என்பது அந்தத் திசையில்தான் போகிறது. ஆகவே அடுத்த முறை நிறுத்தும் நாளுக்கு முன்பே, மாலைக்காகவானாலும் மனைவி கேட்டதற்காகவானாலும், ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளை ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவது வழக்கமான சிகிச்சை. கூடவே தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுப்பார்கள். அந்த மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது, ஏனெனில் அவற்றுக்கும் பழக்கம் ஏற்படும்.

இனி நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் ஓர் அலகு மது என்பது 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். 30 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. அப்படியானால் 180 மில்லி குவாட்டர் என்பது 6 அலகு, அதாவது 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஆணுக்கு நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டினால் அது அதிக ஆபத்து. நீங்கள் தினமும் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். கள்ளை நம் ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மரத்திலிருந்து வருவதால் அது உடம்புக்கு நல்லது என்ற நினைப்பும் இருக்கிறது. 650 மில்லி புட்டியில் 5 சதவீதம் ஆல்கஹால் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு புட்டிக்கு இரண்டரை அலகு வந்துவிடும். இரண்டு புட்டிக்கு ஐந்து. வாரத்துக்கு மொத்தம் 47 அலகு ஆகிறது.

குடிநோயை மருத்துவம் ஒரே கேள்வியால் தீர்மானிப்பதில்லை. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல், தொடங்கினால் அளவில் நிற்க முடியாமை, விலகல் அறிகுறி, அதே போதைக்கு மேலும் மேலும் தேவைப்படுதல், மற்ற ஈடுபாடுகள் சுருங்குதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகிய ஆறில் மூன்று ஓராண்டுக்குள் சேர்ந்து இருந்தால் அதைச் சார்பு நிலை என்கிறோம். உங்களுக்கு விலகல் அறிகுறி இருக்கிறது. சர்க்கரை நோய் வந்த பிறகும் தொடர்கிறீர்கள். ஒரு குவாட்டர் குடித்தும் தடுமாறாமல் இருக்க முடிகிறது என்பதில் பலருக்கு ஒரு பெருமை உண்டு. உடல் பழகிப்போனதன் அடையாளம் அது. 41 நாள் குடிக்காமல் இருந்தது இவற்றில் எதையும் இல்லையென்று ஆக்கிவிடாது. சண்டை போடாததும் தொழிலைக் கெடுத்துக்கொள்ளாததும் உண்மையிலேயே நல்லவைதாம். ஆனால் கல்லீரலும் கணையமும் அந்த நன்னடத்தையைப் பார்ப்பதில்லை. நேரில் பார்க்காமல் உங்களுக்கு ஒரு பெயர் சூட்ட நான் விரும்பவில்லை, அது முறையும் ஆகாது. ஆடிட் என்ற 10 கேள்விகள் கொண்ட படிவத்தை மருத்துவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டிய குடி, 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சார்பு நிலை இருக்கிறதா என்று முழுமையாக ஆராய வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமானதாகத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் 41 நாள் நிறுத்துகிற ஒருவருக்கு, இன்னொரு 30 நாள் நிறுத்துவதால் புதிதாக என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஐயப்ப விரதத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த எல்லையின் இரு பக்கமும், ஆண்டில் ஒரே ஒரு முறையாவது கல்லீரலுக்கு ஓய்வு கிடைப்பது அதனால் மட்டும்தான் என்று சொல்லக்கூடிய எத்தனையோ ஆண்களை எனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கழுத்தில் மாலை, உடம்பில் கறுப்பு வேட்டி, வீட்டில் தனிப் பாய், தனிப் பாத்திரம். காங்கேயத்து வியாபாரி முதல் தோப்பில் தேங்காய் பறிப்பவர் வரை எல்லோரும் உங்களைச் "சாமி" என்று அழைக்கிறார்கள். யாரும் ஒரு கட்டிங் போடலாமா என்று கேட்பதில்லை. கேட்டால் கேட்டவருக்குத்தான் பாவம். மாலை ஏழு மணிக்கு நீங்கள் பஜனையில் இருக்கிறீர்கள். அதாவது, குடிக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டிய ஒரு தருணம்கூட அந்த 41 நாளில் வருவதில்லை. முடிவை ஊரும் விரதமும் சேர்ந்து உங்களுக்காக எடுத்துவிடுகின்றன. மாலையைக் கழற்றியதும் அவை இரண்டும் விலகிவிடுகின்றன. பழைய ஏழு மணி திரும்பி வருகிறது. அந்த ஏழு மணியில் என்ன செய்வது என்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கற்றிருக்கவில்லை. கழற்றிய அன்று இரவே குடித்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருந்த நாள் முடிந்தது, அவ்வளவுதான்.

உங்கள் மனைவி கேட்பது வேறொரு மாதம். வழக்கமான உடை, வழக்கமான நண்பர்கள், வழக்கமான ஞாயிறு, நடுவில் மது மட்டும் இல்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது கொப்பரைக் கிடங்கில் வரவு செலவை நிறுத்தி வைத்து இருப்பு எடுப்பீர்கள் அல்லவா, அதைப் போன்றது இது. குடி உங்கள் நாளில் எந்தெந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, எந்த வேலையை உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறது என்பது அது ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது. உங்களால் இருக்க முடியும் என்பதை 41 நாளில் ஏற்கெனவே காட்டிவிட்டீர்கள். அதை மறுபடியும் நிரூபிப்பதற்காக இந்த மாதத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் இருக்கும் இடத்துக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மதுக் கடைகள் அடைத்திருக்கும். தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு தினம் போன்ற நாள்களில் டாஸ்மாக் அடைத்திருக்கும். உள்ளூரில் இருப்பவனுக்கு அது ஒரு கட்டாய ஓய்வு. எல்லையில் இருப்பவருக்கு அப்படி இல்லை. இந்தப் பக்கம் பெவ்கோ என்னும் கேரள அரசு மதுக் கடை அடைத்தால், எல்லையில் கோபாலபுரம் தாண்டினால் கடை. அந்தப் பக்கம் அடைத்தால் இந்தப் பக்கம் வண்டி வருகிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கும் கள், கேரளத்துக்கே கள் கொடுக்கும் உங்கள் சித்தூர் தாலுகாவில் காலையிலேயே கிடைக்கிறது. இரு மாநிலமும் சேர்ந்தே அடைக்கும் நாள் என்று காந்தி ஜெயந்தியைப் போலச் சில மட்டுமே மிஞ்சும். ஆகையால் அரசாங்கம் கொண்டுவரும் இடைவெளி உங்களுக்குக் கிடைக்காது, நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 2013 முதல் ஜனவரி மாதம் முழுவதும் குடிக்காமல் இருக்கும் இயக்கம் ஒன்று நடந்துவருகிறது. அதில் கலந்துகொண்டவர்களை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் பின்தொடர்ந்து பார்த்தபோது, வாரத்தில் குடிக்கும் நாள்கள் சராசரியாக 4.3 ஆக இருந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் 3.3 ஆகக் குறைந்திருந்தது. பெரிய மாற்றம் இல்லைதான். ஆனால் நிறுத்தி ஏழு மாதமான பிறகும் அது நீடித்தது. தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் அவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. லண்டனில் நடந்து 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்: ஒரு மாதம் நிறுத்தியவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது, ரத்த அழுத்தமும் எடையும் இறங்கின. அவர்கள் உங்களைவிடக் குறைவாகக் குடித்தவர்கள், நோயற்றவர்கள். எனவே அதே எண்ணிக்கையை நான் உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். ஆயினும் சர்க்கரைக்காரர் ஒருவர் இதைத் தம் உடம்பிலேயே அளந்து பார்க்கலாம். தொடங்கும் முன்பும் 30 நாள் கழித்தும் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் பரிசோதனையில் ஜி.ஜி.டி. என்ற நொதி, குடியை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மதுவால் கல்லீரலில் படிந்த கொழுப்பு, தழும்பாக மாறாத நிலையில் இருந்தால், சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும்.

சர்க்கரை மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் மது சேர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். அப்போது வரும் தள்ளாட்டமும் குழறலும் போதையைப் போலவே இருப்பதால், "தூங்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அதிகமாகக் குடித்தால் வேறொரு ஆபத்து, ரத்தத்தில் அமிலம் ஏறுவது. நிறுத்தும் மாதத்திலும் சர்க்கரை அளவு மாறக்கூடும் என்பதால், மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது, ஒரு கல்யாணமோ ஒரு கோயில் திருவிழாவோ உள்ள மாதத்தையே எடுங்கள். நெம்மாறையில் "வேலை" என்னும் கோயில் திருவிழா வரும் பங்குனியாக இருந்தால்கூட நல்லது. யாரும் கூப்பிடாத மாதத்தில் இருந்து காட்டினால் மறுபடியும் விரதத்தின் நிழலில்தான் இருந்தவராவீர்கள். வீட்டிலும் தோப்புச் சாளையிலும் இருக்கும் புட்டிகளை முதல் நாளே அப்புறப்படுத்துங்கள். நண்பர்களிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். "சுகருக்கு டெஸ்ட் எடுத்திருக்கேன், ஒரு மாசம் கிடையாது" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஷாப்புக்குப் போய் மீன் குழம்பும் கப்பையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு அதை நான் அனுமதிக்க மாட்டேன். அந்த வாசனையும் அந்தப் பெஞ்சும் போதும், கை தானாகக் குவளையைத் தேடும். அதே நண்பர்களைத் தோப்பில் சந்தியுங்கள்.

கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தினம் நான்கு வரி எழுதி வையுங்கள். குடிக்கத் தோன்றிய நேரம், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, அந்த எண்ணம் எவ்வளவு நேரம் நின்றது, அப்போது என்ன செய்தீர்கள் என்பவை மட்டும் போதும். இந்த மாதத்தில் மிக முக்கியமான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏங்கும் எண்ணம் அலையாக எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தாழ்ந்துவிடும். அதை ஒரு முறை குடிக்காமல் கடந்து பார்த்தவருக்கே அது நம்பிக்கையாகும். சிலருக்கு அந்த நான்கு வரியில் கொப்பரை விலை இறங்கிய நாள்கள் வரிசையாக வரும். சிலருக்குப் பசி, சிலருக்குத் தனிமை. பகல் முழுவதும் ஆள்களோடு கத்திவிட்டு, வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு திரை தேவைப்படுகிறது என்று எழுதியவரும் உண்டு. உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால்தான், அந்த வேலையை வேறெதைக் கொண்டு செய்வது என்று யோசிக்க முடியும்.

தூக்கம் முதல் ஒன்றிரண்டு வாரம் மோசமாகத்தான் இருக்கும், கனவுகள் அதிகம் வரும். மது தூக்கத்தை வரவழைப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவைக் கெடுக்கிறது. அந்தக் கடனை உடல் இப்போது அடைக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "குடிச்சாத்தான் எனக்குத் தூக்கம்" என்று முடிவுகட்டி எட்டாம் நாள் புட்டியைத் திறப்பவர்கள் அநேகம் பேர். மாலையில் இனிப்பின் மேல் ஆசை வரும். உங்களுக்கு அது ஆகாது என்பதால் ஆறு மணிக்கே வயிறு நிறையச் சிற்றுண்டி சாப்பிட்டுவிடுங்கள். நடுவில் ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால் மாதம் முடிந்துவிட்டதாக எண்ணாமல், அன்று நடந்ததையும் அதே நான்கு வரியில் எழுதி, மறுநாள் தொடருங்கள். பத்தாம் நாள் தவறியவர் தவறாதவரைவிட அதிகம் கற்றுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தவறியது தினக்குடியாகத் திரும்பிவிட்டால், மறுபடியும் திடீரென்று நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொடியைப் பற்றி உங்கள் மைத்துனருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தயவுசெய்து வேண்டாம். குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம் என்று விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அவற்றில் டைசல்ஃபிரம் கலந்திருந்து, அதற்கு மேல் மதுவும் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். அதே டைசல்ஃபிரம், நோயாளியின் முழுச் சம்மதத்தோடும் மருத்துவரின் கண்காணிப்பிலும் கொடுக்கப்படும்போது பயனுள்ள மருந்து. உயிர் பிழைத்தாலும், தட்டில் வைத்த சோற்றை நம்ப முடியாமல் போன வீட்டில் எந்தச் சிகிச்சையும் நிற்காது. உங்கள் மனைவி செய்யக்கூடியது வேறு. விரதத்தின் 41 நாளில் வீட்டில் என்னென்ன மாறுகிறது என்று அவரிடம் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். நீங்கள் போதையில் சண்டை போடாதவர் என்பதை அவரும் ஒத்துக்கொள்வார். ஆனால் எட்டு மணிக்கு மேல் உங்களிடம் எதையும் பேச முடிவதில்லை, பிள்ளையின் படிப்புச் செலவைக்கூட அடுத்த நாள் காலைக்குத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது என்பதுபோல் ஏதாவது ஒன்று அவரிடம் இருக்கும். அதைத்தான் அவர் ஒரு மாதத்தைக் கேட்பதன் மூலம் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

முப்பதாம் நாளுக்காகக் காத்திருக்காமல், நான்காம் வாரத்திலேயே அடுத்து என்ன என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நடுக்கமும் சர்க்கரையும் இல்லாத ஒருவராக இருந்தால், வாரத்தில் இத்தனை நாள், இத்தனை அலகு என்று குறைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசியிருப்பேன். உங்கள் நிலையில், அப்படியே தொடர்ந்து நிறுத்திவிடுவதுதான் நல்லது. அளவோடு குடிப்பது என்பது விலகல் அறிகுறி வந்த பிறகு பெரும்பாலும் சில மாதங்களில் பழைய குவாட்டரில் போய் நிற்கிறது. அந்த முடிவுக்கு நீங்கள் ஒரே மாதத்தில் வர வேண்டியதில்லை. இன்னும் ஒரு மாதம், பிறகு இன்னொன்று என்று நீட்டிக்கொண்டு போகலாம். எந்தக் காரணத்தாலாவது திரும்பக் குடிப்பீர்களானால், ஒரு மாத ஓய்வுக்குப் பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய அளவே இப்போது அதிகமாகிவிடும், அன்று வண்டியைத் தொடவே கூடாது.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா மருத்துவமனைக்கோ பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கோ போய், குடிப்பதை நிறுத்த விரும்புவதையும் நடுக்கம் வந்ததையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு அளவைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தவறிப்போகும். கேரள அரசின் விமுக்தி திட்டத்தின் உதவி எண் 14405. தமிழில் பேச விரும்பினால் மனநல உதவி எண்ணான 14416ஐ இரு மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி எந்த நேரத்திலும் அழைக்கலாம். நிறுத்திய முதல் ஐந்து நாள்களில் வலிப்போ, ஆள் இடம் புரியாத பேச்சோ, நிற்காத வாந்தியோ கண்டால், எந்த எண்ணையும் அழைத்துக் காத்திராமல் உங்களை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை மனைவியிடமும் மைத்துனரிடமும் தொடங்குவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.